ஆற்றுநீரில் நச்சு உலோகங்களும் மருந்து எச்சங்களும்

நச்சு உலோகங்களும் மருந்து எச்சங்களும், நீரின் நிறத்தையோ மணத்தையோ சுவையையோ மாற்றாமலேயே அதில் கலந்திருக்கக்கூடிய இருவகை மாசுகள் ஆகும். ஈயம், பாதரசம், காட்மியம், குரோமியம், நிக்கல் முதலியன நச்சு உலோகங்கள் எனப்படுகின்றன. ஆர்சனிக் வேதியியல்படி உலோகப்போலி எனினும் இவற்றுடன் சேர்த்தே எண்ணப்படுகிறது. மனிதரும் கால்நடைகளும் உட்கொண்ட மருந்துகள் உடலிலிருந்து வெளியேறியோ, மருந்து ஆலைகளின் கழிவாகவோ, பயன்படுத்தாமல் எறியப்பட்டோ நீரை அடையும்போது அவை மருந்து எச்சங்கள் எனப்படுகின்றன. முதல்வகை மாசு நெடுங்காலமாக அறியப்பட்டது. இரண்டாம் வகையை நீரில் அளக்கத்தக்க நுண்ணிய கருவிகள் பரவலாகக் கிடைத்தது கடந்த முப்பது ஆண்டுகளில்தான். இவ்விரண்டும் ஒருசேரக் காவிரியில் இருப்பதைச் சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் (ஐ.ஐ.டி.) ஆய்வொன்று 2021இல் வெளிப்படுத்தியது.

கொள்ளிடமும் திருமழபாடியும்

காவிரி, திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரி என்னும் பெயருடனேயே செல்ல, வடகிளை கொள்ளிடம் எனப் பெயர் பெறுகிறது. கொள்ளிடத்தின் வடகரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில், திருமானூருக்கு அருகே அமைந்துள்ள ஊர் திருமழபாடி. தேவாரப் பாடல் பெற்ற தலமான இங்கு ஆறு வடக்கு நோக்கித் திரும்பி ஓடுவது சிறப்பாகக் கருதப்படுகிறது. பங்குனி மாதத்தில் நடைபெறும் நந்தி திருக்கல்யாணத்திற்குச் சுற்று வட்டாரத்திலிருந்து பெருந்திரளான மக்கள் கூடுவர்.

இவ்வூரைக் கடந்து செல்லும் நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதைப் பார்த்தால் இக்கட்டுரையின் பொருள் எளிதில் விளங்கும். மேட்டூர் அணைக்குக் கீழே பவானி, நொய்யல், அமராவதி ஆகிய துணையாறுகள் காவிரியில் சேர்கின்றன. இவற்றின் கரைகளில் ஈரோட்டின் துணி, தோல் தொழில்களும், திருப்பூர், கரூர் ஆகிய ஊர்களின் சாயத் தொழிலும் வளர்ந்தன. நாமக்கல் மாவட்டத்தின் கோழிப்பண்ணைகளும் காவிரியின் வடிநிலத்தில் உள்ளன. பின்னர்த் திருச்சிராப்பள்ளி மாநகரம். இவ்வளவையும் கடந்த பிறகே ஆறு திருமழபாடியை அடைகிறது.

இங்கிருந்து கிழக்கே அணைக்கரையிலுள்ள கீழணையில் கொள்ளிடத்து நீரின் ஒரு பகுதி வடவாறு வழியே வீராணம் ஏரிக்குத் திருப்பப்படுகிறது. 2004ஆம் ஆண்டு முதல் வீராணத்து நீர் குழாய் வழியே சென்னைக்குச் செல்கிறது. ஆகவே திருமழபாடியின் படித்துறையைத் தொட்டுச் செல்லும் நீரில் எது கரைந்திருக்கிறது என்பது அந்த ஊருக்கு மட்டும் உரிய கேள்வியாக இல்லை. சென்னையில் குழாயைத் திறப்பவருக்கும் அது உரியது.

கொள்ளிடம் இயல்பில் ஒரு வெள்ள வடிகால். காவிரி கொள்ளாத உபரிநீர் வரும் காலத்தில் அது கரைபுரளும். மற்ற மாதங்களில் பரந்த மணற்பரப்பின் நடுவே மெல்லிய ஓடையாகச் சுருங்கிவிடும். வெள்ளக் காலத்தில் எந்த மாசும் பெருநீரில் கரைந்து நீர்த்துப்போகிறது. நீர் வற்றிய காலத்திலோ ஊர்களின் கழிவு குறைவதில்லை, நீர்தான் குறைகிறது.

சென்னை ஐ.ஐ.டி. ஆய்வு

பேராசிரியர் லிகி பிலிப் தலைமையிலான குழு காவிரியிலும் அதன் துணையாறுகளிலும் பல இடங்களில் இரண்டு ஆண்டுகள் நீர் மாதிரிகளை எடுத்து ஆராய்ந்தது. இந்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் பிரித்தானியாவின் இயற்கைச் சூழல் ஆய்வு மன்றமும் இதற்கு நிதி வழங்கின.

வலிநிவாரணிகளான இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக். இரத்த அழுத்தத்திற்குத் தரப்படும் அட்டெனொலால், பெரின்டோபிரில். வலிப்பு நோய்க்கான கார்பமசெபின். நுண்ணுயிர் எதிர்ப்பியான சிப்ரோஃபுளோக்சசின். இவற்றுடன் காஃபீன் ஆகியன நீரில் கண்டறியப்பட்டன. ஆர்சனிக், துத்தநாகம், குரோமியம், ஈயம், நிக்கல் ஆகிய தனிமங்களாலும் ஆறு மாசுபட்டிருந்தது. மழைக்காலம் முடிந்து நீரோட்டம் குறையும் பருவத்தில் மருந்துகளின் செறிவு மிகுந்தது என்பது ஆய்வின் முக்கிய முடிவுகளுள் ஒன்று.

இப்பட்டியலில் காஃபீன் இடம் பெற்றிருப்பது வியப்பளிக்கலாம். காவிரிக் கரையில் காப்பி குடிப்போருக்குக் குறைவில்லை என்று சிரித்துவிட்டுப் போக முடியாது. நன்கு இயங்கும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் காஃபீனின் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் சிதைத்துவிடும். எனவே ஆற்றில் காஃபீன் மிகுந்திருந்தால், சுத்திகரிக்கப்படாத சாக்கடை நேரடியாக ஆற்றில் கலக்கிறது என்று பொருள். கார்பமசெபின் இதற்கு நேர்மாறானது. அது சுத்திகரிப்பு நிலையத்திலும் சிதையாது, மண்ணிலும் எளிதில் சிதையாது. ஓரிடத்து நீரில் அது இருந்தால் அந்நீர் எப்போதோ மனிதக் கழிவுடன் கலந்தது என்று கொள்ளலாம். ஆய்வாளர்கள் இவ்விரு பொருள்களையும் தடயங்களாகவே பயன்படுத்துகின்றனர்.

இந்நிலை காவிரிக்கு மட்டும் உரியதன்று. 104 நாடுகளில் 258 ஆறுகளில் 1,052 இடங்களில் மாதிரி எடுத்த பன்னாட்டு ஆய்வொன்று 2022இல் வெளியானது. அதிலும் கார்பமசெபின், காஃபீன், நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மின் ஆகிய மூன்றுமே பாதிக்கும் மேற்பட்ட இடங்களில் காணப்பட்டன.

அளவைப் புரிந்துகொள்ளுதல்

மருந்து எச்சங்கள் பெரும்பாலும் ஒரு லிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று அளக்கப்படுகின்றன. ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. இது மனத்தில் எளிதில் பதியாத எண் என்பதால் ஒரு கணக்கைப் பார்க்கலாம். வீராணம் ஏரியின் முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி, அதாவது ஏறக்குறைய 4,150 கோடி லிட்டர். நிரம்பிய ஏரியில் ஒரு மருந்தின் செறிவு லிட்டருக்கு 1 நானோகிராம் ஆவதற்கு 41.5 கிராம் மருந்து போதும். 500 மில்லிகிராம் மாத்திரைகளாக எண்ணினால் 83 மாத்திரைகள்.

இன்னொரு பக்கமும் உண்டு. லிட்டருக்கு 100 நானோகிராம் மருந்து உள்ள நீரை ஒருவர் நாள்தோறும் 2 லிட்டர் வீதம் எழுபது ஆண்டுகள் குடித்தால், அவர் வாழ்நாளில் உட்கொள்ளும் மொத்த மருந்து சுமார் 5 மில்லிகிராம்தான். இது ஒரு மாத்திரையில் நூறில் ஒரு பங்கு. இதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2012இல் வெளியிட்ட அறிக்கையில், குடிநீரில் காணப்படும் அளவிலான மருந்துகள் மனிதரின் உடல்நலத்தை நேரடியாகப் பாதிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்று கூறியது. அப்படியானால் கவலை எதற்கு என்று கேட்கலாம். நீரைக் குடிப்பவர் ஒரு நாளில் இரண்டு லிட்டரோடு முடித்துக்கொள்கிறார். மீன் அந்நீரிலேயே பிறந்து, அதையே சுவாசித்து வாழ்கிறது. பாக்டீரியாவும் அப்படியே. மருந்து எச்சங்களால் வரும் இடர் இவ்விரு உயிரினங்கள் வழியாகவே மனிதனை வந்தடைகிறது.

உலோகங்களுக்கு இக்கணக்கு பொருந்தாது. அவை லிட்டருக்கு மைக்ரோகிராம் அளவில், அதாவது ஆயிரம் மடங்கு பெரிய அலகில் அளக்கப்படுகின்றன. அவற்றுள் சில உடலில் தங்கிச் சேர்கின்றன. ஈயம் எலும்பில் பல பத்தாண்டுகள் தங்கும். காட்மியம் சிறுநீரகத்தில் தங்கும். ஈயத்தைப் பொறுத்தவரை, குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குத் தீங்கற்றது என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை.

நீரில் உலோகங்களின் போக்கு

கரிமப் பொருள்கள் காலப்போக்கில் சிதைந்து கார்பன் டை ஆக்சைடும் நீருமாக மாறக்கூடும். உலோகம் ஒரு தனிமம். அது சிதைவதற்கு இடமில்லை. அது வடிவம் மாறலாம், இடம் மாறலாம், அழியாது. ஆற்றில் விடப்பட்ட ஈயமும் காட்மியமும் பெரும்பாலும் வண்டல் துகள்களில் ஒட்டி அடியில் படிகின்றன. வெள்ளம் வண்டலைக் கிளறும்போதோ, நீரின் அமிலத்தன்மை கூடும்போதோ மீண்டும் நீருக்கு வருகின்றன. ஆகவே மேல்நீரை மட்டும் சோதித்துவிட்டு ஆறு தூய்மையாக உள்ளது என்று முடிவு செய்தல் தவறாகும்.

அரியலூர் வட்டாரம் சுண்ணாம்புக்கல்லுக்கும் சிமெண்டு ஆலைகளுக்கும் பெயர் பெற்றது. சுண்ணாம்புப் பாறையோடு தொடர்புடைய நீர் கடினநீராகவும் சற்றே காரத்தன்மை உடையதாகவும் இருக்கும். இத்தகைய நீரில் ஈயமும் காட்மியமும் கார்பனேட்டுகளாகப் படிந்துவிடும் இயல்புடையன. இது ஒரு வகையில் இயற்கை அளிக்கும் காப்பு. ஆனால் ஆர்சனிக்கும் ஆறிணைதிறக் குரோமியமும் நீரில் எதிர்மின் அயனிகளாக இருப்பவை. காரத்தன்மை அவற்றைத் தடுப்பதில்லை, மாறாக அவை மண்துகள்களை விட்டு விலகி எளிதாக நகர்கின்றன. எல்லா நச்சு உலோகங்களுக்கும் ஒரே மருந்து இல்லை என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

குரோமியத்தின் இரு வடிவங்கள் தனியே அறியத்தக்கவை. மூவிணைதிறக் குரோமியம் நீரில் அதிகம் கரையாது, நச்சுத்தன்மையும் குறைவு. ஆறிணைதிறக் குரோமியம் நன்கு கரையும், புற்றுநோய் உண்டாக்கும். பாதரசத்திலும் இத்தகைய மாற்றம் உண்டு. சேற்றிலுள்ள பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது பாசியிலிருந்து சிறுமீனுக்கும், சிறுமீனிலிருந்து பெருமீனுக்கும் செல்லச் செல்லச் செறிவு பெருகுகிறது. சப்பானின் மினமாட்டா ஊரில் 1956இல் கண்டறியப்பட்ட நரம்பு நோய் இவ்வாறு மீன் வழியே வந்ததாகும். அந்நாட்டின் சின்சு ஆற்றங்கரையில் காட்மியத்தால் எலும்புகள் நொறுங்கிய 'இத்தாய்-இத்தாய்' நோயும் இங்கு நினைவுகூரத் தக்கது. சுரங்கக் கழிவு கலந்த ஆற்றுநீரை நெல் வயலுக்குப் பாய்ச்சியதால் வந்த நோய் அது. சப்பானிய மொழியில் அப்பெயருக்கு 'வலிக்கிறது, வலிக்கிறது' என்று பொருள்.

தமிழ்நாட்டில் உலோக மாசு

தமிழ்நாட்டில் இம்மாசின் கொடுமையை அதிகம் கண்டது பாலாறு. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் பதனிடும் ஆலைகளில் குரோமிய உப்பு பயன்படுகிறது. கழிவுநீரால் நிலத்தடி நீரும் விளைநிலமும் கெட்டதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. ஆயினும் சிக்கல் தீரவில்லை. 2025 சனவரியில் அதே நீதிமன்றம் பாலாறு மாசு குறித்து மீண்டும் விரிவான ஆணை பிறப்பிக்க நேர்ந்தது. இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையொன்றின் வளாகத்தில் ஒன்றரை இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு பல ஆண்டுகள் திறந்தவெளியில் கிடந்ததும் பலரும் அறிந்ததே.

கொடைக்கானலில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலை பாதரசக் கழிவு தொடர்பாக 2001இல் மூடப்பட்டது. உடைந்த வெப்பமானிகள் பழைய இரும்புக் கடையில் கிடந்ததை உள்ளூர் மக்களும் சூழலியல் ஆர்வலர்களும் கண்டதே அதற்குத் தொடக்கம். தொழிற்சாலையை ஒட்டிய பாம்பார் சோலையின் மண்ணும் பாதரசத்தால் மாசுற்றது.

திருப்பூரின் நொய்யலாறு மற்றொரு பாடம். பாசனத்திற்கெனக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுநீர்த் தேக்கமாக மாறியது. உழவர்கள் பாசனத்திற்குக் கட்டிய அணையைத் திறக்க வேண்டாம் என்று உழவர்களே வேண்டிக்கொள்ளும் நிலை வேறெங்கும் ஏற்பட்டிருக்குமா என்பது ஐயமே. 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. அதன் பின்னர், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத முறையைப் பின்பற்றிய ஆலைகளே மீண்டும் இயங்க இசைவு பெற்றன.

மருந்துகள் நீரை அடையும் வழி

உட்கொள்ளும் மருந்து முழுவதும் உடலில் செலவாகிவிடுவதில்லை. மெட்ஃபார்மின் ஏறத்தாழ மாற்றமின்றியே வெளியேறுகிறது. அட்டெனொலாலும் பெரும்பகுதி அவ்வாறே. சிப்ரோஃபுளோக்சசினில் பாதியளவு சிறுநீரில் அப்படியே செல்கிறது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் பெருகிவரும் சமூகத்தில், நாள்தோறும் மருந்து உண்ணும் ஒவ்வொருவரும் அறியாமலேயே ஆற்றுக்கு ஒரு பங்கு அனுப்புகின்றனர். இதில் எவரையும் குறை சொல்ல இயலாது. கோழி, கால்நடை, மீன் வளர்ப்பில் பயன்படும் மருந்துகளின் நிலை வேறு. நோயின்றியே, வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலக்கப்பட்டவை பல. மனிதருக்குக் கடைசிப் புகலிடமாக உள்ள கொலிஸ்டின் என்னும் மருந்தை உணவுக்கான விலங்குகளுக்குக் கொடுப்பதை இந்திய அரசு 2019இல் தடை செய்தது.

மருந்து ஆலைகளின் கழிவு அளவில் முற்றிலும் வேறானது. ஐதராபாத்துக்கு அருகிலுள்ள பட்டன்செருவில் ஏறத்தாழ 90 மருந்து ஆலைகளின் கழிவைப் பெற்றுவந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தைச் சுவீடனின் யோவாகிம் லார்சன் குழுவினர் ஆராய்ந்து 2007இல் முடிவுகளை வெளியிட்டனர். சுத்திகரித்து வெளியேற்றிய நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃபுளோக்சசின் இருந்தது. மருந்து உண்ட நோயாளியின் இரத்தத்தில் இருக்கும் அளவைவிட இது அதிகம். ஒரு நாளில் வெளியேறிய மருந்து சுமார் 45 கிலோகிராம். அது சுவீடன் நாடு முழுவதும் ஐந்து நாளில் உண்ணும் அளவுக்குச் சமம்.

மீன்களும் பறவைகளும்

கனடாவில் காரென் கிட் என்பவரின் குழு, ஆய்வுக்கென ஒதுக்கப்பட்ட ஓர் ஏரியில் 2001 முதல் 2003 வரை கருத்தடை மாத்திரைகளிலுள்ள செயற்கை ஈத்திரோசனைக் கலந்தது. செறிவு லிட்டருக்கு ஐந்தாறு நானோகிராம் மட்டுமே. ஆண் மீன்களின் உடலில் முட்டைக்கரு புரதம் தோன்றியது, இனப்பெருக்கம் நின்றது, ஒருவகைச் சிறுமீன் ஏரியிலிருந்து ஏறக்குறைய மறைந்தே போனது. டைக்ளோஃபெனாக் மீன்களின் சிறுநீரகத்தையும் செவுள்களையும் பாதிப்பதும் ஆய்வகங்களில் அறியப்பட்டுள்ளது. இதே மருந்துதான் நீர்வழியாக இல்லாமல் இறந்த மாடுகளின் இறைச்சி வழியாக இந்தியப் பிணந்தின்னிக் கழுகுகளை அழிவின் விளிம்புக்குத் தள்ளியது. காரணம் 2004இல் உறுதியானது. கால்நடைப் பயன்பாட்டுக்கு 2006இல் தடை வந்தது.

மருந்துக்கு மடியாத பாக்டீரியா

சிப்ரோஃபுளோக்சசின் பாக்டீரியாவைக் கொல்ல வேண்டுமானால் குறிப்பிட்ட செறிவு தேவை. அதனினும் மிகக் குறைந்த செறிவில் அது கொல்லாது. ஆனால் எதிர்ப்பாற்றல் உடைய பாக்டீரியாவுக்கு மற்றவற்றைவிடச் சிறிது முந்துரிமை கிடைக்கும். லிட்டருக்கு சுமார் 64 நானோகிராமுக்கு மேல் இத்தெரிவு நிகழக்கூடும் என்று 2016இல் லார்சன் குழுவினர் கணித்தனர். முன்னர்க் கூறிய வீராணம் கணக்கில் இது ஏறக்குறைய 5,300 மாத்திரைகள்.

இங்கேதான் இருவகை மாசுகளும் ஒன்று சேர்கின்றன. உலோகத்தை எதிர்க்கும் மரபணுவும் மருந்தை எதிர்க்கும் மரபணுவும் பல பாக்டீரியாக்களில் ஒரே டி.என்.ஏ. வளையத்தில் அடுத்தடுத்து அமைந்துள்ளன. நீரில் துத்தநாகமோ பாதரசமோ மிகுந்தால் அதைத் தாங்கும் பாக்டீரியா பிழைக்கும். அதனோடு மருந்தெதிர்ப்பும் பிழைக்கும். ஆக, நுண்ணுயிர் எதிர்ப்பி ஒரு துளியும் இல்லாத நீரிலும் உலோகம் அவ்வேலையைச் செய்யக்கூடும். காவிரியில் துத்தநாகம், குரோமியம், நிக்கல் ஆகியவற்றோடு சிப்ரோஃபுளோக்சசினும் காணப்பட்டதை இவ்வகையில் நோக்க வேண்டும். மருந்துக்கு மடியாத பாக்டீரியா நீரிலேயே தங்குவதில்லை என்பதற்குப் புது தில்லி சான்று. 2011இல் வெளியான ஆய்வில் அந்நகரின் 50 குழாய்நீர் மாதிரிகளில் இரண்டிலும், தெருவோரம் தேங்கிய நீரின் 171 மாதிரிகளில் 51இலும் என்.டி.எம்.-1 என்னும் எதிர்ப்பு மரபணு இருந்தது. மருத்துவமனைகளின் வலிமைமிக்க மருந்துகளையும் செயலிழக்கச் செய்யும் மரபணு அது.

நீரைத் தூய்மையாக்கல்

நகரங்களின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் கரிமப் பொருளையும் நோய்க்கிருமிகளையும் குறைப்பதற்காக வடிவமைக்கப்பட்டவை. மருந்துகள் அவ்வடிவமைப்பில் கருதப்படவே இல்லை. ஓசோன் செலுத்துதல், தூண்டப்பட்ட கரியில் உறிஞ்சுதல் ஆகியன மருந்துகளைப் பெருமளவு நீக்கும். உலோகங்களைச் சுண்ணாம்பு சேர்த்து வீழ்படிவாக்கலாம். ஆனால் நீங்கிய உலோகம் அந்தச் சேற்றில் இருக்கிறது. சேற்றை எங்கே கொட்டுவது என்பது அடுத்த சிக்கல்.

கொள்ளிடத்திற்கு இயற்கையாகவே ஒரு வடிகட்டி உண்டு. அது ஆற்றுமணல். ஆற்றின் நடுவே அமைக்கப்படும் நீருறிஞ்சு கிணறுகள் மேல்நீரை எடுப்பதில்லை, மணலூடே ஊறிவரும் நீரையே எடுக்கின்றன. ஊறிவரும் வழியில் மணலில் வாழும் நுண்ணுயிர்கள் இபுபுரோஃபென், காஃபீன் போன்றவற்றைச் சிதைக்கின்றன. துகள்களில் ஒட்டிய உலோகங்கள் தங்கிவிடுகின்றன. கார்பமசெபின் மட்டும் தப்பிவிடும். மணலின் ஆழமும் நீர் ஊறும் நேரமும் குறைந்தால் இவ்வாற்றல் குறையும். மணற்கொள்ளையால் நிலத்தடி நீர்மட்டம் தாழ்வது பற்றிப் பலரும் பேசுகின்றனர். மணலோடு சேர்ந்து வடிகட்டியும் லாரியில் ஏறிப் போகிறது என்பது அதிகம் பேசப்படுவதில்லை.

வீட்டளவில் சில தவறான நம்பிக்கைகள் உள்ளன. நீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் அழியும். உலோகம் நீங்காது, நீர் ஆவியாவதால் அதன் செறிவு சற்றே கூடத்தான் செய்யும். டி.டி.எஸ். மானி நீரின் மின்கடத்துதிறனை அளந்து மொத்த உப்பைக் கணிக்கிறது. லிட்டருக்கு 500 மில்லிகிராம் உப்புள்ள நீரில் 0.01 மில்லிகிராம் ஈயம் கூடினாலும் குறைந்தாலும் அம்மானிக்குத் தெரியாது. எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) கருவி உலோகங்களையும் பெரும்பாலான மருந்துகளையும் பிரிக்கிறது என்பது உண்மை. பிரித்தவற்றை அது கழிவுநீர்க் குழாய் வழியே சாக்கடைக்கே அனுப்புகிறது.

தரநிலைகளும் சட்டமும்

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 (2012) குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01, காட்மியம் 0.003, பாதரசம் 0.001, மொத்தக் குரோமியம் 0.05, நிக்கல் 0.02 மில்லிகிராமுக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்று வரையறுக்கிறது. மருந்துகளுக்கு அதில் வரம்பு இல்லை. மருந்து ஆலைகளின் கழிவில் நுண்ணுயிர் எதிர்ப்பிகளுக்கு வரம்பு விதிக்கும் வரைவை நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2020 சனவரியில் வெளியிட்டது. 2021இல் வந்த இறுதி அறிவிக்கையில் அவ்வரம்புகள் இடம்பெறவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய நெறியாணை, பெருநகரக் கழிவுநீரில் நுண்மாசுகளை நீக்கும் கூடுதல் கட்டத்தைக் கட்டாயமாக்கி, அச்செலவில் குறைந்தது 80 விழுக்காட்டை மருந்து, ஒப்பனைப் பொருள் உற்பத்தியாளர்கள் ஏற்க வேண்டும் என்றது.

பயன்படுத்தாத மருந்துகளைப் பொறுத்தவரை, அவற்றைத் திரும்பப் பெறும் முன்னோடித் திட்டத்தைக் கேரள அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2025இல் கோழிக்கோட்டில் தொடங்கியது. அதே ஆண்டில் நடுவண் மருந்துத் தரக் கட்டுப்பாட்டு நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், தவறான கைகளில் சிக்கினால் உயிருக்கே ஆபத்தாகக்கூடிய 17 மருந்துகளை மட்டும் கழிப்பறையில் ஊற்றிவிடுமாறு கூறுகிறது. ஃபென்டானில், டிராமடால் முதலியன இவற்றுள் அடங்கும். ஏனைய மருந்துகளைக் கழிப்பறையிலோ நீர்த்தொட்டியிலோ கொட்டுதல் கூடாது.